சுருட்டை முடியும் ஈரம் காயும் அந்த ஒரு மணி நேரமும்

குடியாத்தத்திலிருந்து 26 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பிறவியிலேயே அவருக்குச் சுருட்டை முடி. பள்ளி நாட்கள் முழுவதும் எண்ணெய் தடவி இறுக்கப் பின்னிக்கொண்டு போனதாகவும், பின்னலைத் தளர்த்திய நாளெல்லாம் 'பரட்டை' என்ற பெயரே நிலைத்ததாகவும் சொல்கிறார். இப்போது காட்பாடியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். வாரம் மூன்று நாள், காலை 5.30 மணிக்குத் தலைக்குக் குளித்து, துண்டால் நன்றாகத் தட்டித் துவட்டி, சீப்பால் வாரி, ஈரம் காயும் முன்பே கிளிப் மாட்டிக்கொண்டு 7 மணிப் பேருந்தைப் பிடிக்கிறார். இறங்கும்போது முடி புசுபுசுவென்று விரிந்து நிற்கிறது. தோழி ஒருத்தி டிரையர் கொடுத்திருக்கிறாள். சூடு பட்டால் முடி கொட்டிவிடும் என்று அம்மா அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். வரும் தை மாதம் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், "முடியை நேராக்கிக்கொண்டால் போட்டோவில் நன்றாக இருக்கும்" என்று சொன்னதிலிருந்து இவருக்கு நிம்மதியில்லை. பார்லரில் 'கெரட்டின் ஸ்மூத்தனிங்' என்று பேசி வைத்திருக்கிறார். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. டிரையர் முடியைக் கெடுக்குமா, சிலும்பாமல் உலர்த்த வழி உண்டா, திருமணத்துக்கு முன் நேராக்கிக்கொள்ளலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு, கடைசி வரியில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்: "என் முடியில் ஏதாவது நோய் இருக்கிறதா, டாக்டர்?"

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் முடியில் நோய் எதுவும் இல்லை. சுருட்டை முடி முளைக்கும் வேர்ப்பை தோலுக்குள் வளைந்து அமைந்திருக்கிறது. அதிலிருந்து வெளிவரும் இழையும் முழு வட்டமாக இல்லாமல் சற்றுத் தட்டையாக இருக்கிறது. தலைத்தோலில் ஊறும் இயற்கையான எண்ணெய்ப் பசை நேரான முடியில் சறுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். உங்கள் முடியிலோ ஒவ்வொரு வளைவிலும் அது தங்கித் தங்கித்தான் இறங்க வேண்டும் என்பதால், வேர்ப்பக்கம் பிசுபிசுப்பாகவும் நுனி வறண்டும் இருக்கிறது. நேரான முடிக்கென்று வகுத்த பழக்கங்களை இந்த முடியின்மேல் இத்தனை ஆண்டுகள் திணித்ததுதான் நீங்கள் பட்ட துன்பத்தின் மூலம். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் வீடுகளில் வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்க யாரும் இருந்ததில்லை.

குளித்துவிட்டு உடனே வாரிக் கிளிப் போடும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் இந்தப் பதிலில் அதிகம் பேசப்போகிறேன். உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

முடி எப்போது உருவம் எடுக்கிறது

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை இரண்டு வகைப் பிணைப்புகள் முக்கியமாகப் பிடித்து வைத்திருக்கின்றன. கந்தகத்தால் ஆன டைசல்ஃபைட் பிணைப்பு உறுதியானது. தண்ணீருக்கு அது அசையாது. ஹைட்ரஜன் பிணைப்பு அப்படியல்ல. தலை நனைந்தவுடன் அவிழ்ந்துவிடும். ஈரம் வெளியேற வெளியேற, அந்த நேரத்தில் முடி எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி கட்டிக்கொள்ளும். ஆகவே, நனைந்த முடி காய்ந்து முடியும்வரை உள்ள நேரத்தில் நீங்கள் அதற்கு என்ன செய்கிறீர்களோ அதுவே அடுத்த இரண்டு நாளைக்கு அதன் உருவம்.

உங்கள் காலைப் பொழுதை இதை வைத்துப் பாருங்கள். துண்டால் தட்டித் துவட்டும்போது, ஒன்றாகச் சேர்ந்து சுருள வேண்டிய இழைகள் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. சொரசொரப்பான பூந்துண்டு முடியின் மேலுள்ள செதில்களை உரசித் தூக்கிவிடுகிறது. பிறகு சீப்பு, மிச்சமிருக்கும் சுருள்களையும் பிரிக்கிறது. கிளிப் மாட்டிய இடத்தில் ஒரு மடிப்பு விழுகிறது. பேருந்தின் ஜன்னல் காற்று, இன்னும் கட்டிக்கொள்ளாத இழைகளை ஆளுக்கொரு பக்கமாக இழுத்து வைத்துக் காயவைக்கிறது. காட்பாடியில் இறங்கும்போது நீங்கள் கண்ணாடியில் பார்ப்பது இவை எல்லாம் சேர்ந்து செய்த உருவத்தைத்தான்.

காற்றிலுள்ள ஈரப்பதமும் இந்தப் பிணைப்புகளை அவிழ்க்க வல்லது. அதனால்தான் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் நன்றாகக் காய்ந்த முடியும் மாலைக்குள் பூத்துக்கொள்கிறது. வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் நிலைமை வேறு; அப்போது முடியின் ஈரமே உறிஞ்சப்பட்டு, இழைகள் வறண்டு, ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு பறக்கின்றன. இரண்டு பருவங்களிலும் முடி சிலும்புகிறது. காரணம் வேறு வேறு.

டிரையரைப் பற்றி அம்மாவின் அச்சம்

அம்மா சொல்வதில் பாதி சரி. ஈரம் சொட்டும் முடியின்மேல் கடும் சூட்டை வைத்தால், இழைக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குமிழ்களாக வெடித்து முடியை உள்ளிருந்தே பலவீனப்படுத்தும். நுண்ணோக்கியில் அந்தக் குமிழ்களைத் தெளிவாகப் பார்க்கலாம். நேராக்கும் இஸ்திரிக் கருவியை ஈர முடியில் ஒருபோதும் வைக்கக் கூடாது என்பது இதனால்தான். ஆனால் இழை ஒடிவது வேறு, வேரோடு கொட்டுவது வேறு. சரியாகப் பிடித்த டிரையரால் முடி வேரோடு கொட்டாது.

அடுத்து நான் சொல்வது அம்மாவுக்கு வியப்பாக இருக்கலாம். 2011-இல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முடிக் கற்றைகளை 30 முறை அலசி, சிலவற்றைத் தானாகக் காயவிட்டும் சிலவற்றை வெவ்வேறு தூரத்தில் டிரையர் காட்டியும் ஒப்பிட்டார்கள். மிக அருகில் காட்டியதில் மேற்பரப்பு மோசமாகச் சிதைந்தது. ஆனால் 15 செ.மீ. தூரத்தில், ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டியதில், தானாகக் காய்ந்த முடியைவிடச் சேதம் குறைவாக இருந்தது. அந்தத் தூரத்தில் சூடு ஏறக்குறைய 47 டிகிரி, 5 செ.மீ. தூரத்தில் 95 டிகிரி. தானாகக் காயும் முடி நீண்ட நேரம் நனைந்து ஊறிக் கிடப்பதால் இழைகளை உள்ளே ஒட்டிவைக்கும் படலம் பாதிக்கப்படுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அந்த ஆய்வு சுருட்டை முடியில் செய்யப்பட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரம், குறைந்த சூடு, அசையும் கை என்ற மூன்றும் உங்களுக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

ஈரத் தலையோடு கட்டினால் சளி பிடிக்கும் என்பதையும் அம்மா சொல்லியிருக்கிறார். சளியைத் தருவது வைரஸ். ஈரத் தலை அதை உண்டாக்குவதில்லை. ஆனால் ஈர முடியை நாள்தோறும் இறுக்கிக் கட்டி வைத்தால் பொடுகும் வாடையும் வரலாம். முடியிலேயே பூஞ்சை வளர்ந்து சிறு முடிச்சுகளாக ஒட்டிக்கொள்ளும் நிலையையும் பார்க்கிறோம். அறிவுரை சரி, காரணம்தான் வேறு என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உலர்த்தும் முறை

முதலில் நேரத்தை மாற்றுங்கள். 5.30-க்குக் குளித்து 7-க்குள் அடர்ந்த சுருட்டை முடியை ஒழுங்காக உலர்த்துவது யாராலும் இயலாது. வேலை முடிந்து வந்த மாலையில் தலைக்குக் குளியுங்கள். வாரம் இரண்டு முறை போதும்; வியர்வை மிகும் கோடையில் வேண்டுமானால் மூன்று.

குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நுனிப்பக்கமாகத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளிவந்த ஆய்வில், தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் இழைக்குள் ஊடுருவுவதே காரணம். எண்ணெய் முடிக்கு ஈரத்தைத் தருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது மட்டும் சரியன்று. எண்ணெயில் ஈரம் இல்லை. குளிக்கும்போது அளவுக்கு மீறி முடி ஊறாமல் காப்பதும், குளித்த பின் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் பார்த்துக்கொள்வதும்தான் அதன் வேலை. சிலும்பிய உலர்ந்த முடியின்மேல் எண்ணெயை அப்பிக்கொண்டு பேருந்தில் ஏறினால் தூசிதான் சேரும்.

ஷாம்பு தலைத்தோலுக்கு, கன்டிஷனர் நீளத்துக்கு. உங்கள் வாழ்நாள் வழக்கத்துக்கு மாறாக, கன்டிஷனர் வழவழப்பாக முடியில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்துவிடுங்கள். சீப்புக்கு அதோடு வேலை முடிந்தது. உலர்ந்த சுருட்டை முடியில் சீப்பு வைக்கவே வேண்டாம். சீயக்காய் பிடித்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் பொடியைக் குழைத்து அப்படியே தேய்க்காமல், கொதிக்கவைத்து வடிகட்டிய நீராக ஊற்றுங்கள். சுருள்களுக்குள் சிக்கிய திப்பியை உதறி எடுப்பதற்குள் முடி கந்தலாகிவிடுகிறது.

சொட்டும் ஈரம் இருக்கும்போதே, உங்கள் சுருளைப் பிடித்து நிறுத்தும் ஏதாவதொன்றைத் தடவ வேண்டும். கடையில் கிடைக்கும் ஜெல் போதும். வீட்டிலேயே செய்வதானால், 2 மேசைக்கரண்டி ஆளி விதையை 2 டம்ளர் தண்ணீரில் போட்டு, முட்டை வெள்ளைக்கருவின் பதம் வரும்வரை சிறு தீயில் கொதிக்கவிட்டு, சூடு ஆறுமுன் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், ஆறினால் வடியாது. குளிர்பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். செம்பருத்தி இலையை அரைத்து வடித்தால் வரும் கொழகொழப்பும் இதே வேலையைச் செய்யும். இரு உள்ளங்கைகளிலும் எடுத்து, தலையைக் கவிழ்த்து, நுனியிலிருந்து வேர்நோக்கி முடியைக் கையில் ஏந்தி மெதுவாகக் கசக்குங்கள். இழைகள் ஒன்றுசேர்ந்து சுருளுவதைக் கையிலேயே உணர்வீர்கள்.

இப்போது துண்டு வேண்டாம். உங்கள் ஊரில் நெய்கிற கைலியில் பழையது, பல முறை துவைத்து மிருதுவானது ஒன்று வீட்டில் இருக்கும். அதைக் கட்டில்மேல் விரித்து, குனிந்து, சுருள்கள் அடுக்கடுக்காக அதன்மேல் மடிந்து விழும்படி தலையை வைத்து, இரு முனைகளையும் கழுத்துக்குப் பின் கொண்டுபோய் முடிந்துகொள்ளுங்கள். 15 முதல் 20 நிமிடம் அப்படியே இருக்கட்டும். துணி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், எதுவும் உரசாது.

அவிழ்த்த பின் டிரையர். அதன் முனையில் மாட்ட டிஃப்யூசர் என்று கிண்ணம் போன்ற ஒரு துணைப்பாகம் தனியாகக் கிடைக்கிறது. அது காற்றை ஒரே வேகத்தில் அடிக்காமல் பரப்பிவிடும். குறைந்த சூடு, குறைந்த வேகம். முதலில் தலையைச் சுற்றித் தொலைவிலிருந்து காட்டி, மேலே ஒரு மெல்லிய படலம் காய்ந்த பிறகு, சுருள்களைக் கிண்ணத்தில் ஏந்தினாற்போல் வைத்து வேர்ப்பக்கம் கொண்டுபோங்கள். விரலால் பிரித்துப் பார்க்கத் தோன்றும், தயவுசெய்து பார்க்காதீர்கள். பத்தில் எட்டு ஒன்பது பங்கு காய்ந்தவுடன் நிறுத்திவிடுங்கள். டிரையர் கைவசம் இல்லாத நாளில் மின்விசிறியை மெதுவாக வைத்து அதன்கீழ் உட்கார்ந்தாலும் ஆகும், நேரம்தான் கூடும். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் காயவைப்பது வேண்டாம்; வெயிலின் புறஊதாக் கதிர் கெரட்டினையே சிதைக்கும்.

முழுவதும் காய்ந்ததும் முடி மொடமொடவென்று விறைப்பாக இருக்கும். பலர் இந்த இடத்தில் பயந்து, மறுபடி நனைத்துவிடுகிறார்கள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை கொடியில் விறைத்து நிற்பதைப் போன்றதுதான் இது. உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, முன்போலவே கீழிருந்து மேலாகக் கசக்கினால் விறைப்பு உடைந்து, மென்மையான சுருள் மட்டும் நிற்கும். இரவில் உச்சந்தலையில் தளர்வாக ஒரு கொண்டை போட்டு, பழைய ஆரணிப் பட்டுச் சேலையின் சரிகையில்லாத பகுதியைத் தலையணையில் சுற்றிப் படுங்கள். பருத்தி உறையைவிட உரசல் மிகக் குறைவு. காலையில் நனைந்த கையால் கலைந்த இடத்தை மட்டும் தொட்டுக் கசக்கிவிட்டு, பேருந்தில் ஒரு மெல்லிய துணியைத் தலையில் கட்டிக்கொண்டு போகலாம். முதல் இரண்டு மூன்று வாரம் நீங்கள் நினைத்தபடி வராது. ஜெல்லின் அளவும் கையின் பக்குவமும் பிடிபட அவ்வளவு காலம் ஆகும்.

உங்கள் வீட்டுத் தண்ணீர்

குளிக்கப் போர் தண்ணீர் என்றும், வாளியில் வெள்ளைப் படிவு நிற்கிறது என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் கடிதத்தின் முக்கியமான வரிகளில் அதுவும் ஒன்று. அந்தப் படிவு கால்சியமும் மெக்னீசியமும் ஆகும். வாளியில் படிவது முடியிலும் படிந்து, செதில்களைச் சொரசொரப்பாக்கி, கன்டிஷனரையும் வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி.க்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்று இருக்கிறது. முழுக் குளியலையும் மாற்ற வேண்டியதில்லை. கடைசியாக அலசும் இரண்டு சொம்பு மட்டும் குழாயில் வரும் குடிநீராகவோ பிடித்து வைத்த மழைநீராகவோ இருக்கட்டும். மாதம் ஒரு முறை, உப்புப் படிவை நீக்கும் ஈ.டி.டி.ஏ. சேர்ந்த ஷாம்பு பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் சேர்த்து வைத்துத் தலைக்கு ஊற்றுவதைச் சில வீடுகளில் பார்க்கிறேன். அது போர் தண்ணீரைவிட உப்புச் செறிந்தது, அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணத்துக்கு முன் நேராக்குவது

இது உங்கள் தலை, உங்கள் முடிவு. நேரான முடி வேண்டும் என்று நீங்களே விரும்பினால் அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் கடிதம் முழுவதையும் படித்தபோது, அந்த விருப்பம் உங்களுடையதாக எனக்குத் தெரியவில்லை. முடிவெடுக்கும் முன் சில விவரங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

'கெரட்டின்', 'ஸ்மூத்தனிங்', 'ரீபாண்டிங்' என்ற பெயர்கள் பார்லருக்குப் பார்லர் வெவ்வேறு பொருளில் வழங்குகின்றன. ரீபாண்டிங்கில், நான் முன்பு சொன்ன உறுதியான டைசல்ஃபைட் பிணைப்பையே ரசாயனத்தால் உடைத்து, இஸ்திரி போட்டு, நேரான நிலையில் மறுபடி பூட்டுகிறார்கள். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் பதனிடும் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவதை நம் பக்கத்தில் பலர் அறிவார்கள்; அங்கே முடி கரைந்து போவதும் இதே பிணைப்பு உடைவதால்தான். பார்லர் மருந்து அதைவிட மிக மென்மையானது, தலைத்தோலில் படாமல் பூசப்படுவது. எனினும் எந்த இடத்தில் கை வைக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். செய்த பகுதி பழையபடி சுருளாது. முடியோ மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும்; நான்கைந்து மாதத்தில் வேரில் சுருளும் கீழே நேருமாக நிற்கும், இரண்டும் சேரும் கோட்டில் ஒடியும்.

'கெரட்டின்' என்ற பெயரில் செய்வதில் சில திரவங்கள் சூடுபட்டவுடன் ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடுகின்றன. அது மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு மாற்றாக வந்த கிளைஆக்ஸிலிக் அமிலமும் கவலைக்குரியது: 2024-இல் ஒரு முன்னணி அமெரிக்க மருத்துவ இதழில், 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பார்லரில் முடி நேராக்கிய ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்பதில்லை. ஆனால் திருமணத்துக்கு முன் எடுக்க வேண்டிய ஆபத்தாக இதை என்னால் பார்க்க முடியவில்லை. சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே இருப்பவர்களும் கருவுற்றவர்களும் இதைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்துகொள்ள விரும்பினால், பூசப்போகும் பொருளின் பெட்டியைக் கையில் வாங்கிப் படிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அழகுசாதனப் பொருட்களின் மேலட்டையில் சேர்மானங்களை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் விதி. பெட்டியைக் காட்டாமல் பெயரில்லாத டப்பாவிலிருந்து எடுத்துப் பூசுகிற இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். ரசீது வாங்குங்கள். திருமணத்துக்கு மூன்று வாரத்துக்குள் எதையும் புதிதாகச் செய்ய வேண்டாம். தலைத்தோல் சிவந்து புண்ணானால் ஆறுவதற்கு நாள் வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் சொன்னதைப் பற்றி: சொன்னவர் ஒருவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் என்ன நினைக்கிறார் என்பது கடிதத்தில் எங்கும் இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பார்லருக்குப் பதில் சொல்லுங்கள்.

இப்போது ஆவணி. தைக்கு முன் ஐந்து மாதம் இருக்கிறது. நடுவில் மழைக்காலமும் வருவதால் உலர்த்தும் முறையை எல்லா ஈரப்பதத்திலும் பழகிப் பார்த்துவிடலாம். வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ, காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டினாலோ நேரில் தோல் மருத்துவரைப் பாருங்கள். குளிக்கிற அன்று மட்டும் கை நிறைய முடி வருவதற்கு அஞ்ச வேண்டாம். நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு, வாராமல் சுருளுக்குள் தங்கியிருந்த நான்கு நாள் முடியும் சேர்ந்தே அன்று வருகிறது.

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை, இதே முறையில் குளித்து உலர்த்தி வைத்துவிடுங்கள். சுருட்டை முடியில் பின்னலும் பூவும் வழுக்காமல் நிற்கும் என்பதால் ஊசிகள் குறைவாகவே தேவைப்படும். அலங்காரம் செய்ய வருகிறவரிடம், வந்தவுடன் சீப்பை எடுத்து உலர்ந்த முடியை வாரிவிட வேண்டாம், விரலால் வகிடு பிரித்துப் பின்னினால் போதும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சவுரி வைத்துக் கனமான பூச்சடை தைப்பதானால் நெற்றியோர முடி வலிக்கும் அளவுக்கு இழுத்துக் கட்ட விடாதீர்கள்; வலித்தால் உடனே தளர்த்தச் சொல்லுங்கள்.